பாத்திமுத்து வெட்டிய இரண்டு தோல்கள்

பாத்திமுத்து தோல் வெட்டும் நேரத்தில் லேபுக்குள் யாரும் தும்மக் கூடாது. மெழுகில் பதித்த துணுக்கை இயந்திரக் கத்தியில் மாட்டி அவள் சீவுகிற சீவல் வெங்காயச் சருகைவிடப் பல மடங்கு மெல்லியது. மூச்சுக் காற்று பட்டாலே சுருண்டுவிடும். ஒருமுறை நான் தும்மிவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, என் மேஜைக்கு வர வேண்டிய டீயையும் நிறுத்திவிட்டாள். நான் அங்கே டைப்பிஸ்ட். பெயர் சென்னகேசவன். கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் பின்பக்கம், மாடியில் இருந்தது, நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த துண்டுகளைச் சோதிக்கிற எங்கள் லேப். டாக்டர்கள் சொல்வதை ஒன்பது வருடமாக டைப் அடித்துக்கொண்டிருந்தேனே தவிர, அடித்ததில் ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. 1993 ஏப்ரலில் ஒரு வாரம் அந்த ஆசையை என் தலையில் கட்டியவள் பாத்திமுத்துதான்.

அவள் உக்கடத்துப் பெண். அத்தா பீர் முகம்மது தோல் மண்டி வைத்திருந்தார். ஆட்டுத் தோலை வாங்கி உப்புப் போட்டு அடுக்கி, பதனிடுகிறவர்களுக்கு அனுப்புகிற வியாபாரம். வீட்டுக்கும் மண்டிக்கும் நடுவே ஒரு சுவர்தான். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்களாம். தோல் வாடையே அடிக்காத வேலைக்குத்தான் போவேன் என்று பத்து வயதில் சபதம் போட்டு, வீட்டில் சண்டை பிடித்து டிப்ளமோ படித்து, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு எங்கள் லேபுக்கு வந்தாள். முதல் நாள் அவள் கையில் கொடுத்த பாட்டிலில் மிதந்தது ஒரு துண்டு மனிதத் தோல். ஆட்டுக்குத் தப்பித்து ஆளிடம் மாட்டிக்கொண்டேன் என்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சிரிப்பு எவ்வளவு வருமோ அவ்வளவு கோபமும் வரும். கத்தியைப் பிறர் தொட்டால் கோபம், சாயப் புட்டியின் மூடியைத் திறந்து வைத்தால் கோபம். வேலையில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. வயது முப்பத்தொன்று ஆகிவிட்டது. நிரந்தரம் ஆக்குகிறவர்களின் பட்டியல் அந்த வாரச் சனிக்கிழமை மேலே போக வேண்டும். அதில் அவள் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் தலைமை டாக்டர் ராமுலு. நல்ல மனிதர்தான். ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததைத் தவிர உலகத்தில் வேறு எதையும் நம்ப மாட்டார்.

திங்கட்கிழமை தோல் டாக்டரம்மாவிடமிருந்து இரண்டு சின்னப் பாட்டில்களும் ஒரு படிவமும் வந்தன. படிவத்தில்: செங்கோடன், வயது 43, லாரி டிரைவர், பெருந்துறை அருகே. முகத்தில் தோல் தடித்து மேடுபட்டிருக்கிறது, தொழுநோயா என்று பார்க்கவும். முதலாளிக்குச் சந்தேகம் வந்து ஆளை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார், முடிவு தெரிந்தால்தான் திரும்ப ஏற்றுவார் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. பாட்டில்களின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் பென்சிலால் ஒன்றில் ‘டிரைவர்’, இன்னொன்றில் ‘கிளீனர்’ என்று எழுதியிருந்தது.

லாரி என்றால் டிரைவர் இருப்பார், கிளீனர் இருப்பார். இரண்டு பேருக்கும் சந்தேகம், கிளீனருடைய படிவத்தை அனுப்ப மறந்துவிட்டார்கள் என்று நானே முடிவுகட்டி, பதிவேட்டில் இரண்டு ஆளாக இரண்டு எண் போட்டேன். எவ்வளவு கவனமான ஆள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

பாத்திமுத்து வெட்டி, சாயமேற்றி, புதன்கிழமை காலை கண்ணாடித் தகடுகளை டாக்டரின் மேஜையில் வைத்தாள். கிருமிக்கென்று தனியாகச் செய்கிற சாயத்தையும் போட்டிருந்தாள். டாக்டர் பார்த்தார். தொழுநோய்க் கிருமி இரண்டிலும் இல்லை. மற்ற விவரங்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, டிரைவருக்கு 43 என்று போட்டிருக்கிறதே, இது எழுபது வயதுத் தோல், கிளீனருடையதுதான் நாற்பது வயதுத் தோல் மாதிரி இருக்கிறது, தோல் டாக்டரம்மாவைக் கேள் என்றார்.

நான் போன் போட்டேன். அந்தம்மா சிரித்தார். கிளீனர் யாருமே இல்லையாம். ஒரே ஆள்தானாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இரண்டு கன்னத்திலிருந்தும் எடுத்தாராம். பாட்டிலில் பெயர் எழுதிய நர்ஸ் தன் தம்பியின் கல்யாணத்துக்குச் சொந்த ஊரான திருச்செங்கோடு போய்விட்டாள், வர ஒரு வாரம் ஆகும் என்றார். நான் இதைச் சொன்னதும் டாக்டரின் முகம் மாறியது.

ஒரே மனிதனின் இரண்டு கன்னத்துக்கும் முப்பது வயது வித்தியாசம் எப்படி வரும்? அவருடைய கேள்வி அதுதான். அப்படியென்றால் ஒன்று வேறு யாரோ கிழவருடைய துண்டு. லேபில் கலந்திருக்கிறது. கலந்திருந்தால் செங்கோடனின் தடித்த கன்னத்துத் துண்டு எங்கேயோ கிடக்கிறது, அதில் கிருமி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ரிப்போர்ட் போகாது. மெழுகில் பதித்ததும் வெட்டியதும் ஒரே ஆள் என்பதால் கலந்ததும் அந்த ஆள்தான்.

“ரெண்டு பேரோட தோலைக் கலந்தவங்களுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது?” என்றார்.

“நான் கலக்கலீங்க சார்” என்றாள் பாத்திமுத்து. அவ்வளவுதான். பாட்டில் எதையும் உடைக்கவில்லை, கத்தவில்லை. அவளிடம் கோபம் வராமலிருந்து நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான். எனக்கே பயமாக இருந்தது.

அன்று மத்தியானம் முழுக்க அந்த வாரம் வந்த பாட்டில்களையெல்லாம் பரப்பி வைத்து எண்களைச் சரிபார்த்தாள். தைராய்டு, கர்ப்பப்பை, குடல்வால். தோல் என்று வந்தவை இந்த இரண்டும்தான். டாக்டர் அசையவில்லை. போன வாரத்தில் மிச்சமானதாக இருக்கலாமே என்றார். அவரைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது எனக்கு.

வியாழக்கிழமை காலை நான் வருவதற்குள் அவள் வந்திருந்தாள். அதே மெழுகுக் கட்டிகளிலிருந்து புதிதாகச் சீவி, வேறு ஒரு சாயத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். தோலைத் தோலாகப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு புரதங்கள் என்று கை வேலையை நிறுத்தாமலே எனக்குச் சொன்னாள். ஒன்று கொலாஜன். கட்டிலுக்குக் கயிறு மாதிரி, தோலின் பலமெல்லாம் அதுதான். இன்னொன்று எலாஸ்டின். பனியன் கம்பெனிக்காரன் தைக்கிற எலாஸ்டிக்தான், இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். இந்தச் சாயத்தில் கயிறு சிவப்பாகத் தெரியும், எலாஸ்டிக் நார் கறுப்பாகத் தெரியும். ஆனால் கறுப்பு ஏறிய பிறகு சரியான நொடியில் கழுவி நிறுத்த வேண்டும். ஒரு நொடி முந்தினால் எல்லாமே கறுப்பு, பிந்தினால் நார் வெளுத்துப் போய்விடும். அவள் தகட்டைக் கழுவுவதும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதும் மறுபடி கழுவுவதுமாக இருந்தாள். நான் தும்மலை அடக்கிக்கொண்டு நின்றேன்.

“கேசவண்ணா, இங்க வாங்க. நீங்களும் பாருங்க.”

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தக் குழலில் கண்ணை வைத்தேன். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. அவள் திருகைத் திருகினாள். சட்டென்று ஒரு சிவப்பு வயல் விரிந்தது. சிவப்புக் கயிறுகள் அலையலையாக ஓட, நடுநடுவே தலைமுடியைவிட மெல்லிய கறுப்பு இழைகள் மேல்தோலைப் பார்த்து நிமிர்ந்து நின்றன. இது கிளீனர் என்றாள். அடுத்து டிரைவரை வைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல்பகுதியில் கயிறு மெலிந்து, அறுந்து, இருந்த இடம் தெரியவில்லை. இழைகளுக்குப் பதில் கறுப்புக் கட்டிகள், கரைக்காமல் கட்டிதட்டிய கூழ் மாதிரி அப்பிக் கிடந்தன. இத்தனை எலாஸ்டிக் இருந்தும் ஒன்றும் பிரயோசனமில்லை, எல்லாம் கெட்டுப்போனது என்றாள் அவள்.

அப்புறம்தான் அவளுக்குள்ளிருந்த மண்டிக்காரி வெளியே வந்தாள். தோல் மண்டியில் மயிர்ப் பக்கத்தை மட்டும் பார்த்து யாரும் விலை சொல்ல மாட்டார்கள், புரட்டி அடிப்பக்கத்தையும் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் அவள் தகட்டை நகர்த்தி, தோலின் அடி ஆழத்துக்குப் போனாள். போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிளீனரை எடுத்து வைத்தாள். மறுபடி டிரைவர். மறுபடி கிளீனர். என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள், வலித்தது.

“அடியில ரெண்டும் ஒண்ணுங்கண்ணா. அதே கயிறு, அதே இழை. கிழவன் தோலா இருந்தா அடியிலயும் நைஞ்சிருக்கோணும். இதுல மேல எழுவது, கீழ நாப்பது. வயசு உள்ளயிருந்து எல்லாத்தையும் மெலிய வைக்கும். இது மேலேயிருந்து எறங்கியிருக்குது. வெயிலு.”

எனக்கு அங்கேயே விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. இந்த வேலையில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறதென்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

டாக்டரிடம் தகட்டைக் கொண்டுபோனோம். அவர் நெடுநேரம் பார்த்தார். வெயிலால் எலாஸ்டின் கட்டிதட்டும் என்பது அவருக்குத் தெரியாதா? புத்தகத்திலேயே படம் இருக்கிறது என்றார். ஆனால் அது வெளுத்த தோலில் வருகிற சமாச்சாரம். நம் கறுப்புத் தோலில் இந்த அளவு அவர் பார்த்ததில்லை. அதையும் ஒப்புக்கொள்ளலாம். அடுத்துக் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி: வெயில் ஒருத்தனின் ஒரு கன்னத்தில் மட்டும் அடித்து, மறு கன்னத்தை விட்டுவிடுமா?

பாத்திமுத்து தகட்டை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குத் திரும்பினாள். வெள்ளிக்கிழமை முழுக்க வேலைக்கு நடுநடுவே அதையே வைத்து வைத்துப் பார்த்தாள். என்னாலும் டைப் அடிக்க முடியவில்லை, எழுத்துக்கு எழுத்து தப்பு விழுந்தது. பட்டியல் டாக்டரின் மேஜைமேல் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் கிடந்தது. அவள் பெயருக்கு நேரே வெள்ளையாக இருந்தது.

சனிக்கிழமை காலை செங்கோடன் வந்தார். முடிவு கேட்க அன்றைக்கு வரச்சொல்லித் தோல் டாக்டரம்மாதான் சொல்லியிருந்தார், எங்கள் கூத்தைக் கேள்விப்பட்டு நேரே லேபுக்கு அனுப்பிவிட்டார். நல்ல உயரம். துண்டைத் தலையோடு போட்டு முகத்தை மூடியிருந்தார். உள்ளே வரச்சொல்லியும் வாசற்படியைத் தாண்டவில்லை, பெஞ்சில் உட்காரச்சொல்லியும் உட்காரவில்லை.

டாக்டர் எடுத்த எடுப்பில் உன் கிளீனர் எங்கே என்று கேட்டார்.

“கிளீனருங்களா? அவன் எதுக்குங்க?” என்றார் செங்கோடன்.

கிளீனர் என்று எழுதிய பாட்டில் ஒன்று வந்திருக்கிறதே என்று நான் அதை எடுத்துக் காட்டினேன். அவர் துண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

“அதுவும் என்ற கன்னத்துல எடுத்ததுதானுங்க. எந்தப் பக்கம்னு நர்சம்மா கேட்டாங்க. இது டிரைவர் சைடு, அது கிளீனர் சைடுன்னு சொன்னனுங்க. வலது எடதுன்னு சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லீங்களே.”

லாரிக்காரர்கள் கிளீனர் சைடு என்றால் இடப்பக்கம், டிரைவர் சைடு என்றால் வலப்பக்கம். திருச்செங்கோடு லாரிக்காரர்கள் ஊர், அந்த ஊர் நர்ஸுக்கு இந்தப் பேச்சு தாய்ப்பால் மாதிரி, சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டாள். ‘சைடு’ எழுதப் பிளாஸ்திரியில் இடமில்லை. நான் பிறந்து வளர்ந்ததே இந்த ஊர்தான், லாரி ஓடாத தெரு பார்த்ததில்லை, எனக்கு உறைக்கவில்லை. பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

பாத்திமுத்து நாற்காலி பின்னால் சரிய எழுந்தாள். டிரைவர் சைடு என்று ஒரு தடவை சொன்னாள். அப்புறம் சத்தமாக இன்னொரு தடவை சொன்னாள். ஏனுங்ணா, கீழே வாங்க, சார் நீங்களும் வாங்க என்று முன்னால் ஓடினாள். முற்றத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் இறக்க வந்த லாரி ஒன்று நின்றது. செங்கோடனை அதன் டிரைவர் சீட்டில் ஏறச்சொன்னாள். பன்னிரண்டு நாளாக ஸ்டியரிங்கைத் தொடாத மனிதர், ஏறி உட்கார்ந்ததும் அவரை அறியாமலே வலது முழங்கை போய்க் கதவின்மேல் சாய்ந்தது. துண்டு நழுவி விழுந்தது.

மணி பத்தரை. திறந்த ஜன்னல் வழியாக வெயில் அவர் வலது கன்னத்தில் முழுசாக விழுந்தது. அந்தக் கன்னம் மஞ்சள் பாய்ந்து, தடித்து, உழுத காடு மாதிரி பள்ளமும் மேடுமாக இருந்தது. கண்ணோரத்தில் கரும்புள்ளிகள். டாக்டர் லாரியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார், நானும் போனேன். அங்கே கூரை நிழலில் வழவழவென்று ஒரு நாற்பது வயதுக் கன்னம் இருந்தது. நாங்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி ஓடிப் பார்த்தோம். சிலிண்டர் இறக்கிய ஆட்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

எந்த ரோட்டில் ஓட்டுவீர்கள் என்று பாத்திமுத்து கேட்டாள். கோயமுத்தூர் நூலை ஏற்றிக்கொண்டு பம்பாய் போகிற வண்டி என்றார். பத்தொன்பது வருடமாக அதே ரோடு. விடிகாலையில் கிளம்பி வடக்கே போவார், உச்சி வெயிலில் மரத்தடியில் தூங்குவார். திரும்பும்போது மத்தியானத்துக்கு மேல் ஓட்டுவதுதான் பழக்கம். அவள் விரலால் காற்றில் திசை போட்டுப் பார்த்தாள். காலையில் வடக்கே போனால் கிழக்கு வெயில் வலது கன்னத்தில். சாயங்காலம் தெற்கே வந்தால் மேற்கு வெயிலும் வலது கன்னத்தில்.

“போறப்பவும் என்ற பக்கந்தானுங்க, வாரப்பவும் என்ற பக்கந்தானுங்க” என்றார் செங்கோடன்.

ராமுலு டாக்டருக்கு மூட்டுவலி. அன்றைக்கு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். மைக்ராஸ்கோப்பில் இரண்டு தகடுகளின் அடியையும் ஒருமுறை பார்த்தார், தலையைத் தூக்கி, ஒரே ஆள் என்றார். பேப்பர்வெயிட்டைத் தள்ளிவிட்டுப் பட்டியலை இழுத்து பாத்திமுத்துவின் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார். தப்பு என்மேல்தாம்மா, உன் கத்திமேல் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவில்லை.

அப்புறம் லேப் ஒரே அமர்க்களம். டாக்டர் காமிரா கொண்டுவரச் சொன்னார். இந்த மாதிரி ஒரு முகம் கிடைக்காது, இரண்டு பக்கமும் படம் எடுத்துக் கட்டுரை எழுதலாம் என்றார். நான் டீ சொன்னேன். பாத்திமுத்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கரும்பலகையில் கயிறும் இழையும் வரைந்து, கொலாஜன் எப்படி அறுகிறது, எலாஸ்டின் எப்படித் திரள்கிறது என்று பக்கத்து லேப்காரர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தாள். அவளை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. செங்கோடனை இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்று திருப்பிப் படம் எடுத்தோம். அவர் சொன்னபடியெல்லாம் திரும்பினார். முடிந்ததும் துண்டைப் போட்டுக்கொண்டு மறுபடி வாசற்படிக்கு வெளியே போய் நின்றுகொண்டார். டீயை நீட்டினேன். கிளாஸை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டார்.

“ஏனுங்க அம்மணி” என்றார் பாத்திமுத்துவைப் பார்த்து. “நீங்க எல்லாரும் சந்தோசமா இருக்கறீங்க. எனக்கு வந்திருக்கறது என்னன்னு சொல்லலீங்களே.”

கிருமி இல்லை என்று புதன்கிழமையே பார்த்திருந்தோம். இரண்டு துண்டும் இவருடையதுதான் என்று தெரிந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. படம் பிடித்தோம், டீ குடித்தோம். ஒருவர் வாயிலிருந்தும் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

பாத்திமுத்துவின் கையிலிருந்து சுண்ணாம்புக் கட்டி விழுந்தது. வாசலுக்குப் போய் அவர் முகத்துத் துண்டை விலக்கி, உறை போடாத வெறுங்கையை அந்த வலது கன்னத்தில் வைத்தாள். அவர் பின்வாங்கினார். அவள் கையை எடுக்கவில்லை.

“வெயிலுங்ணா. வெறும் வெயிலு.”

“பெருவியாதி?”

“இல்லவே இல்லீங்ணா. ரெண்டு பக்கமும் நானே பார்த்தேன். மொதல்லயே சொல்லியிருக்கோணும். மன்னிச்சுருங்க.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு படியைத் தாண்டி உள்ளே வந்து, என் மேஜைமேல் இருந்த போனைக் காட்டி, பேசலாங்களா என்று கேட்டார். அவருடைய ஊர் மளிகைக் கடையின் நம்பரைச் சொன்னார், நானே சுழற்றிக் கொடுத்தேன். கடைக்காரர் ஆள் அனுப்பி அவர் மனைவி நாச்சியம்மாளைக் கூப்பிட்டுவரும்வரை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் யாரும் நகரவில்லை.

“நாச்சியா, ஒண்ணுமில்லையாமா” என்றார். “நான் ஊட்டுக்கு வாரேன். உங்கம்மா ஊட்டுல உட்டுட்டு வந்த புள்ளைகளக் கூட்டிட்டு வந்துரு.”